மண்குதிரைக்கு எனாமல் அடித்தால் காப்பாற்றியதாகுமா?

கொங்கு நாட்டில் ஒரு குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்று முடிவானால், பங்காளிகள் கூடித் தலைக்கட்டு வரி போட்ட கையோடு அடுத்துப் பேசுவது பெயிண்ட்டைப் பற்றித்தான். "குதிரையெல்லாம் நிறம் வெளுத்துப்போச்சுங்க, முனியப்பன் மீசை உதிர்ந்துபோச்சு, இப்பவே காப்பாத்தாட்டி அப்புறம் ஒண்ணும் மிஞ்சாதுங்க" என்று யாராவது எழுந்து சொல்வார். சொல்பவருக்கு அந்தச் சாமி மேலும் சிலை மேலும் உண்மையான அக்கறை இருக்கும். ஆனால் பிறகு நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். பழைய பூச்சைக் கொத்தி எடுப்பார்கள், சிமெண்ட் பூசுவார்கள், எனாமல் அடிப்பார்கள், சுற்றிலும் டைல்ஸ் பதிப்பார்கள். திருவிழாவன்று சிலை பளபளவென்று நிற்கும். சில மழைக்காலம் போவதற்குள் முழங்கால் பக்கம் கொப்புளம் கிளம்பும், பிறகு பொருக்குப் பொருக்காக உதிரும், மறுபடியும் கொத்துவார்கள்.

மூன்று வேறு வேலைகளை ஒன்றாக நினைப்பதால் வரும் வினை இது. பராமரிப்பு என்பது கூட்டுவது, செடி பிடுங்குவது, ஓட்டை மாற்றுவது போன்ற அன்றாட வேலை. புதுப்பித்தல் என்றால் பழையதைப் புதியது போல் தெரிய வைப்பது. பாதுகாத்தல் என்பது, கலைஞர் தன் கையால் செய்துவைத்த அதே பொருள் அழியும் வேகத்தைக் குறைப்பது. கமிட்டிக் கூட்டங்களில் மூன்றாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் செய்துவிடுகிறோம். அது ஏன் சிலைக்கே கெடுதலாக முடிகிறது, வேறு என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கப்போகிறோம்.

எதைக் காக்கிறோம்?

கொங்கு நாட்டுக் கதைப்பாடலின் வீரச் சகோதரர்களான பொன்னரையும் சங்கரையும் கும்பிடும் ஒரு அண்ணன்மார் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னர், சங்கர், தங்காள், பெரியகாண்டி, சாம்புவன், பெரிய உருவமாக மகாமுனி, சுற்றிலும் குதிரைகள், கொஞ்சம் தள்ளிக் கன்னிமார். எந்தக் குதிரை எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, பொங்கல் வைக்கும் இடம் எது, எந்த வேப்பமரத்தடியில் பழைய உருவாரங்கள் (வேண்டிக்கொண்டு வைத்த மண் உருவங்கள்) சாய்ந்து கிடக்கின்றன என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த இடம். குதிரையை மட்டும் பெயர்த்து மியூசியத்தில் வைத்தால் குதிரை இருக்கும், அது எதற்குக் காவல் நின்றது என்பது போய்விடும்.

இப்படிச் சிலை, பாதை, மதில், மரம், மண் எல்லாம் சேர்ந்து ஒரே படைப்பாக நிற்கும் திறந்தவெளி இடத்தைக் கலைச்சூழல் என்று சொல்லலாம். பல தலைமுறைக் கைகள் சேர்ந்து உண்டாக்கியதாகவும் இருக்கும், ஒரே மனிதர் ஆயுள் முழுக்கக் கட்டியதாகவும் இருக்கும்.

ஒரே மனிதர் கட்டியதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹோவர்ட் ஃபின்ஸ்டர் உண்டாக்கிய பாரடைஸ் கார்டன். அவர் பாப்டிஸ்ட் போதகர், சைக்கிள் பழுதுபார்ப்பவரும்கூட. 1961-ல் ஒரு சதுப்பு நிலத்தை வடித்து வேலையைத் தொடங்கினார். உடைந்த கண்ணாடி, பழைய சைக்கிள் பாகம், பொம்மை என்று கிடைத்ததையெல்லாம் சிமெண்டில் பதித்துப் பாதையும் சுவரும் கோபுரமும் கட்டினார். 1976-ல் சைக்கிள் வேலை செய்துகொண்டிருந்தபோது விரலில் ஒட்டிய பெயிண்ட்டில் ஒரு முகம் தெரிந்ததாகவும், தெய்வப் படங்களை வரையும்படி தனக்குக் கட்டளை வந்ததாகவும் சொன்னார். அருள்வாக்கைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புரியாத விஷயமில்லை. அவர் வாழ்ந்த காலத்திலேயே அங்கிருந்து சில பொருள்கள் அட்லாண்டாவின் ஹை மியூசியத்துக்குப் போயின. 2001-ல் அவர் காலமான பிறகு தோட்டம் சிதையத் தொடங்கியது. 2012-ல் அந்தக் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகமே இடத்தை வாங்கி மீட்பு வேலைக்கு வழிசெய்தது. மியூசியத்துக்குப் போன பொருள்கள் மழை வெயிலிலிருந்து தப்பின, உண்மைதான். ஆனால் தோட்டத்துக்குப் போனால்தான் ஃபின்ஸ்டர் என்ன செய்ய நினைத்தார் என்று தெரியும்.

நம் நாட்டில் சண்டிகரின் ராக் கார்டன் இருக்கிறது. சாலைத் துறையில் வேலை பார்த்த நேக் சந்த் 1957 வாக்கில் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் தொடங்கி, கட்டடக் கழிவையும் உடைந்த பீங்கானையும் வைத்து ஆயிரக்கணக்கான உருவங்கள் செய்தார். 1976-ல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. 2025-ல் பக்கத்து உயர் நீதிமன்றத்தின் பாதை, வாகன நிறுத்த வசதிக்காக அதன் மதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது ஊர்மக்கள் கொதித்ததற்குக் காரணம், மதிலும் படைப்பில் ஒரு பகுதி என்பதுதான்.

சரி, இதுவரை சொன்னதைச் சுருக்கிக்கொள்வோம். பாதுகாக்க வேண்டியது சிலையை மட்டுமில்லை, இடம் முழுவதையும். நோக்கம் அதைப் புதிதாகக் காட்டுவதில்லை, இருப்பதை அதிக நாள் இருக்கவிடுவது.

அழிவு எங்கிருந்து வருகிறது?

மேலே விழும் மழைதான் எதிரி என்று பலரும் நினைக்கிறார்கள். மழை கெடுதல் செய்யத்தான் செய்கிறது, ஆனால் பெரிய சேதம் பெரும்பாலும் கீழேயிருந்து ஏறி வருகிறது.

இதைப் புரிந்துகொள்ள வீட்டு மண்பானையைப் பார்த்தால் போதும். போர் தண்ணீரை ஊற்றி வைத்தால் சில வாரத்தில் பானையின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. தண்ணீர் அவற்றின் வழியே வெளியே கசிந்து, காற்றுப் பட்டு ஆவியாகிறது. தண்ணீர் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு போகாது. அது அங்கேயே தங்கிக் கல்லாகிறது.

மண்குதிரையின் காலிலும் செங்கல் பீடத்திலும் இதேதான் நடக்கிறது, திசைதான் வேறு. நிலத்து ஈரம் நுண்துளைகள் வழியே மேல்நோக்கி ஏறுகிறது. இதற்கு நுண்துளை ஏற்றம் என்று பெயர். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இந்த விசையால்தான். ஏறிய ஈரம் ஓர் உயரத்தில் காற்றில் காய்கிறது, உப்பு அங்கே தங்குகிறது. வெளிப்பரப்பில் வெள்ளைப் பொடியாகத் தங்கினால் அதை உப்புப் பூத்தல் என்கிறோம். அதைத் துடைத்துவிடலாம். உப்பு பரப்புக்குக் கொஞ்சம் உள்ளே கட்டும்போதுதான் ஆபத்து. கரைந்திருந்த உப்பு படிகமாக வளரும்போது துளையின் சுவரைத் தள்ளுகிறது. மழையில் மறுபடி கரைகிறது, வெயிலில் மறுபடி வளர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்து வருகிறது.

தாராபுரம் பக்கம் ஒரு கோயிலில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஆள் உயரத்துக்கு மேலான குதிரை. குளம்பு நன்றாக இருக்கிறது, வயிறும் கழுத்தும் நன்றாக இருக்கின்றன. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மட்டும் நான்கு காலும் எலி கடித்தது மாதிரி குழிந்திருக்கின்றன. விரலால் தொட்டால் சிவப்புப் பொடி ஒட்டுகிறது. மழைதான் காரணம் என்றால் முதுகல்லவா முதலில் போயிருக்க வேண்டும்? ஈரம் ஏறி நின்று காய்ந்த உயரத்தை அந்தக் குழிவே கோடு போட்டுக் காட்டுகிறது. அதே குதிரையின் கழுத்து மணிகளில் பழைய பூச்சு உதிர்ந்த ஓரிடத்தில், குயவர் ஈர மண்ணை அழுத்திய கட்டைவிரல் ரேகை இன்னும் தெரிகிறது. நாம் காக்க வேண்டியது அதைத்தான்.

கொங்குச் சீமையில் இந்தச் சேதம் வேகமாக நடக்கக் காரணங்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் பூமி இது. ஐப்பசி, கார்த்திகையில் நன்றாக நனைந்துவிட்டு, மீதி மாதங்களில் காய்ந்தே கிடக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று எல்லா ஈரத்தையும் உறிஞ்சிவிடும். நனைவதும் காய்வதும் மாறி மாறி வந்தால்தான் உப்புக்குக் கொண்டாட்டம். பல ஊர்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்பு. நொய்யல் கரையில் சாயக்கழிவு கலந்து அது இன்னும் மோசமானது ஊரறிந்த கதை. அந்தத் தண்ணீரில் கலவை குழைத்தாலோ சிலையைக் கழுவினாலோ, நாமே உப்பைக் கொண்டுபோய் உள்ளே வைக்கிறோம்.

இன்னொன்று, நாம் கவனிக்காதது: அம்மனுக்கு வேண்டிக்கொண்டு உப்பும் மிளகும் போடும் வழக்கம். பீடத்தின் அடியிலேயே கொட்டிய உப்பு மழையில் கரைந்து நேராக அடித்தளத்துக்குள் இறங்குகிறது. வழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பீடத்திலிருந்து சில அடி தள்ளி ஒரு கல்தொட்டி வைத்து, உப்பை அதில் போடச் சொன்னால் வேண்டுதலும் நிறைவேறும், பீடமும் பிழைக்கும்.

சிமெண்ட்டும் எனாமலும் என்ன செய்கின்றன?

பழைய வேலையில் பெரும்பகுதி சுட்ட மண்ணோ சுதையோதான். சுதை என்பது சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லத் தண்ணீரும் சேர்த்து அரைத்த சாந்து. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்லக் கல்லாகும். இறுகிய பிறகும் அதில் நுண்துளைகள் இருக்கும், உள்ளே போன ஈரம் அதன் வழியே வெளியேறும்.

அதன் மேல் சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. சிமெண்ட் பூச்சு இறுக்கமானது. உள்ளே ஏறிய ஈரம் பழைய உயரத்தில் வெளியேற முடியாமல் இன்னும் மேலே ஏறும். முன்பு முழங்காலில் இருந்த சேதம் இடுப்புக்குப் போகும். வெயிலில் விரிவதிலும் இரண்டும் ஒரே மாதிரி இல்லை, அதனால் ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். கடைசியில் சிமெண்ட் பெயர்ந்து விழும்போது மிருதுவான பழைய பரப்பையும் பிய்த்துக்கொண்டு விழும். ரேகை, நகக்கீறல், மீசையின் முறுக்கு எல்லாம் அதோடு போய்விடும்.

எனாமலும் அப்படித்தான். எண்ணெய் அடிப்படையிலான அந்தப் பெயிண்ட் காய்ந்ததும் ஈரம் புகாத தோலாகிவிடுகிறது. உள்ளிருக்கும் ஈரம் அந்தத் தோலைத் தள்ளுவதுதான் கொப்புளம். ஒரு சுற்று உரிந்ததும் அதன் மேலேயே இன்னொரு சுற்று. ஐந்தாறு முறை ஆனபின் கண்ணிமையும் உதட்டோரமும் மழுங்கி, எல்லாச் சாமிக்கும் ஒரே முகம் ஆகிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

சிமெண்ட் எப்போதுமே கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. மதுக்கரையில் 1930-களிலேயே சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. பின்னர் வந்த எத்தனையோ முனியப்பன்களும் காவல் வீரர்களும் சிமெண்ட்டாலேயே செய்யப்பட்டவர்கள். அவர்களுக்குச் சிமெண்ட்டில்தான் பழுது பார்க்க வேண்டும். ஒட்டு வேலை எப்போதும் மூலப்பொருளின் இனமாகவோ, அதைவிட மிருதுவாகவோ இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அப்படி இருந்தால் அழுத்தம் வரும்போது ஒட்டு உடையும், மூலம் தப்பிக்கும்.

சிமெண்ட் உருவங்களுக்கு வேறொரு நோய் உண்டு. உள்ளே எலும்பாக இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் சிமெண்ட்டை உள்ளிருந்து பிளக்கும். வெளியே நேர்க்கோடாக விரிசல் ஓடி, ஓரத்தில் பழுப்புக் கறை இறங்கினால் கம்பி துருப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் வாட்ஸ் கோபுரங்களில் இதுதான் பெரிய தலைவலி. இத்தாலியிலிருந்து குடியேறிய சைமன் ரோடியா 1921 முதல் 1954 வரை தனியாளாகக் கட்டியவை அவை. கம்பியும் வலையும் வைத்து, சாந்து பூசி, உடைந்த ஓடும் கண்ணாடியும் சிப்பியும் பதித்தார். உயரமானது ஏறக்குறைய 30 மீட்டர். ஆபத்தான கட்டுமானம் என்று நகர நிர்வாகம் இடிக்கச் சொன்னது. 1959-ல் 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோ இழுவிசை கொடுத்துச் சோதித்தார்கள், கோபுரம் அசைந்து கொடுக்கவில்லை. அப்படிப்பட்டதற்கும் விரிசல் விடாமல் இல்லை. துரு போதாதென்று, வெயில் ஏறும்போது கோபுரம் மிக நுண்ணிய அளவில் சாய்வதும் நிமிர்வதுமாக இருக்கிறது. அதனால் கெட்டியான சாந்தால் அடைத்த விரிசல் அதே இடத்தில் மறுபடி திறந்துகொள்கிறது.

இந்தப் பகுதியின் சாரம்: நிலத்து ஈரமும் உப்பும் மண், சுதை வேலைகளைத் தின்கின்றன, துரு சிமெண்ட் வேலைகளைப் பிளக்கிறது. மூச்சுவிடாத பூச்சு இந்த நோய்களைக் கண்ணிலிருந்து மறைத்து உள்ளே வளர்க்கிறது.

அப்போது என்னதான் செய்வது?

முதல் செலவு தண்ணீரை விலக்குவதற்கு. பீடத்தைச் சுற்றி மழைநீர் தேங்காமல் சரிவு கொடுத்து ஒரு வாய்க்கால் வெட்டுவது, எந்தப் பெயிண்ட்டையும் விடச் சிலைக்கு நல்லது. சுற்றிலும் பேவர் பிளாக், டைல்ஸ், கான்கிரீட் போட வேண்டாம். திறந்த மண்ணில் காய்ந்துபோகும் ஈரம், தரையை மூடிவிட்டால் சிலையின் கால் வழியாகத்தான் வெளியேறத் தேடும். தளம் வேண்டுமென்றால் பீடத்தை ஒட்டி இரண்டடி அகலத்துக்குச் சரளைக் கல்லை மட்டும் பரப்பி விட்டுவிடுங்கள்.

கழுவும் வேலை கவனமாக நடக்க வேண்டியது. ஆசிட் ஊற்றித் தேய்ப்பதும், வண்டி கழுவும் பம்ப்பால் பீய்ச்சி அடிப்பதும் ஒரே நாளில் பல வருஷத்து மழை செய்யும் சேதத்தைச் செய்துவிடும். மிருதுவான பிரஷ்ஷால் உலரத் தட்டினாலே முக்கால்வாசி அழுக்கு போகும். விரிசலில் அரசங்கன்று முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்காதீர்கள், வேரோடு சிலையும் பெயரும். அடியில் வெட்டிவிட்டு, மீண்டும் துளிர்க்கும்போதெல்லாம் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

உடைந்த பகுதியை ஒட்டும்போது, பின்னால் வருபவர்கள் அதைக் கழற்றி எடுக்க முடிகிற மாதிரி ஒட்டுங்கள். நாளைக்கு இதைவிட நல்ல வழி தெரியவரலாம். காணாமல் போன கையைக் கற்பனையில் செய்து வைக்காதீர்கள். 1964-ல் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. அந்தக் கையில் அரிவாள் இருந்ததா வேல் இருந்ததா என்று பழைய போட்டோ எதுவும் சொல்லாவிட்டால், கை இல்லாமலே சாமி இருக்கட்டும்.

நிறம் அடித்தே ஆக வேண்டும் என்றால் சுதைக்குச் சுண்ணாம்பும் காவியும் இருக்கவே இருக்கின்றன. அவை மூச்சுவிடும், வெளுத்தாலும் தோலை உரிக்காது. வருஷா வருஷம் அடிக்க வேண்டியிருக்குமே என்பார்கள். ஆமாம், நம் பெரியவர்கள் நோம்பிக்கு நோம்பி (திருவிழாவுக்குத் திருவிழா) வெள்ளையடித்ததும் அதனால்தான்.

வழிபாடு நடக்கும் இடம்

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். உடைந்த சாமியைக் கும்பிடலாமா? மக்கள் மனசுக்கு ஒப்பாவிட்டால் என்ன செய்வது? கோயில் மியூசியம் கிடையாதே.

சரியான கேள்விதான். 1994-ல் ஜப்பானின் நாரா நகரில் உருவான ஆவணம் இதற்குப் பதில் தர முயன்றது. ஒரு படைப்பின் உண்மைத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டுக்குள் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்றது அது. நேர்ந்துகொண்டு வைக்கும் மண் உருவாரங்களைப் பாருங்கள். அவை என்றைக்கும் நிற்க வேண்டும் என்று செய்யப்பட்டவை இல்லை. வேண்டுதல் முடிந்ததும் மரத்தடியில் சாய்ந்து, கரைந்து மண்ணாகும், அடுத்த நோம்பிக்குப் புதிது வரும். அங்கே ஒவ்வொரு உருவாரத்துக்கும் கண்ணாடிப் பெட்டி போடுவது பொருத்தமில்லை. அங்கே காக்க வேண்டியது குயவரின் தொழிலை: குளத்தில் மண் எடுக்க அனுமதி, சூளைக்கு இடம், உருவாரத்துக்குக் கட்டுப்படியாகும் கூலி. வழக்கமாக மண்ணில் வந்த உருவாரத்தை அச்சில் வார்த்த சிமெண்ட்டுக்கு மாற்றினால், நீடித்து நிற்கும் ஒரு பொருள் கிடைக்கும், அதைச் செய்யத் தெரிந்த கை இல்லாமல் போகும்.

கலிஃபோர்னியாவின் சால்வேஷன் மவுண்டன் இதே கேள்வியை வேறு விதமாக எழுப்புகிறது. லியோனார்ட் நைட் என்பவர் 1984-ல், கடவுள் அன்பே உருவானவர் என்ற செய்தியைப் பாலைவனத்தில் ஒரு குன்றாகவே கட்டத் தொடங்கினார். சிமெண்ட்டும் மணலும் கலந்து கட்டிய முதல் குன்று 1989-ல் சரிந்தது. இரண்டாவதைக் களிமண்ணும் வைக்கோலும் வைத்துக் கட்டி, மக்கள் கொண்டுவந்து கொடுத்த பெயிண்ட்டை அடுக்கடுக்காகப் பூசினார். அங்கே பெயிண்ட்தான் தோல். திரும்பத் திரும்ப அடிப்பதும் அவருடைய வழிபாட்டில் ஒரு பகுதி. 2014-ல் அவர் மறைந்த பிறகும் தொண்டர்கள் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் சுதைச் சிலைக்குக் கேடான அதே வேலை அங்கே குன்றைத் தாங்குகிறது. எனவே எங்கும் பொருந்தும் ஒரே மருந்து கிடையாது. இந்த இடத்தில் எது மாறலாம், எது மாறக் கூடாது என்பதைக் கலைஞரும் கும்பிடுபவர்களும் சேர்ந்து முதலில் பேசி வைக்க வேண்டும். எழுந்தருளும் மூர்த்தியைப் புதுப்பித்துக்கொண்டு, வெளியே நிற்கும் பழைய குதிரைகளைத் தொடாமல் விடுவது என்று முடிவெடுத்தால்கூட அது பெரிய பாதுகாப்பு.

கலைஞர் இருக்கும்போதே

சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது. தொல்லியல் சின்னங்களுக்கான 1958-ம் ஆண்டு மத்தியச் சட்டம் 100 வருஷத்துக்குக் குறையாத பழமையை எதிர்பார்க்கிறது. உங்கள் ஊர் வேளார் (குயவர்) 1970-களில் செய்த குதிரைக்கு அந்த வயது வர இன்னும் நாள் இருக்கிறது. அதுவரைக்கும் அது ஊர்க்காரர்கள் கையில்தான்.

அதனால் கலைஞர் நடமாடிக்கொண்டிருக்கும்போதே அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போய், ஒவ்வொரு உருவத்துக்கும் முன்னால் நிறுத்தி, செல்போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். மண் எந்தக் குளத்தது, மணல் எந்த ஆற்றுடையது, உள்ளே கம்பியா மூங்கிலா, முதலில் அடித்த நிறம் என்ன, எதை அவரே பின்னால் மாற்றினார், எது உடைந்தால் அப்படியே விட்டுவிடலாம், எதை மட்டும் கட்டாயம் சரிசெய்ய வேண்டும் என்று கேளுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, ஒவ்வொரு உருவத்தையும் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து எடுத்தால் விரிசல் வளர்ந்ததா என்று அடுத்த வருஷம் ஒப்பிடலாம். இதில் ஒரு பிரதி கோயில் கமிட்டியிடம், ஒன்று கலைஞர் வீட்டில், ஒன்று பக்கத்துக் கல்லூரித் தமிழ்த் துறையிலோ மாவட்ட அருங்காட்சியகத்திலோ இருக்கட்டும். அடுத்த கும்பாபிஷேகத்துக்கு மேஸ்திரியிடம் விலை பேசும் முன் அந்தப் பதிவை எல்லாரும் ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்கள்.